மார்ச் வெயிலை ஜூன் மழைக்கு எடுத்து வைக்க முடியுமா?

பால்வெட்டு_குலசேகரம் (பிப்ரவரி 9, இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஒரு வெட்டுக்கு (மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு நாளைக்கு) நாற்பது ரப்பர் ஷீட் கிடைக்கும். வெயில் காலத்தில் தொல்லை இல்லை. ஜூன் பிறந்தால்தான் கஷ்டம். மரத்தில் ரெயின்கார்டு (கீறின இடம் நனையாமல் தடுக்கும் மறைப்பு) போட்டு வெட்டிவிடலாம், பால் உறையவும் செய்யும், மிஷினில் அடித்தும் எடுத்துவிடலாம். ஆனால் ஷீட் காயாது. நாலு நாளில் பூஞ்சை பூத்து, வாங்குகிறவர் தரத்தைக் குறைத்துவிடுவார். புகைப்புரையில் (ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் அறையில்) ஈர விறகோடு மல்லுக்கட்டி அம்மாவுக்கு இருமலே நிற்பதில்லை.

போன வாரம் கனடாவில் ஒரு குடியிருப்பைப் பற்றி வீடியோ பார்த்தேன். கோடை வெயிலைக் குழாய் வழியாகப் பூமிக்குள் அனுப்பி வைத்து, பனிக்காலத்தில் அதை எடுத்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள். எங்கள் தோட்டத்தில் தண்ணீர் வராத போர்வெல் ஒன்று சும்மா கிடக்கிறது. மார்ச், ஏப்ரல் வெயிலை அதில் இறக்கி, ஜூன் ஜூலையில் எடுத்து ஷீட் காயவைத்தால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தவன் (பிப்ரவரி 9, இரவு 9.52)

தண்ணீரே தராத போர்வெல், வெயிலைத் தருமா மக்கா?

உப்சாலா_நாஞ்சிலான் (பிப்ரவரி 10, அதிகாலை 1.15)

சொந்த ஊர் பூதப்பாண்டி. பதினோரு வருடமாக ஸ்வீடனில் இந்தக் குழாய் வேலைதான்.

தம்பி பார்த்தது ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒகடோக்ஸ் என்ற ஊர். டிரேக் லேண்டிங் என்று பெயர், 2007இல் தொடங்கியது. 52 வீடுகள். கார் நிறுத்தும் கொட்டகைகளின் கூரையில் ஏறத்தாழ 800 சூரிய வெப்பத் தகடுகள். பக்கத்துப் பூங்காவுக்கு அடியில் 144 துளைகள், ஒவ்வொன்றும் 37 மீட்டர் ஆழம். கோடை முடியும்போது நடுமண் 80 டிகிரியைத் தொடும். ஐந்தாவது வருடம் வாக்கில் வீடுகளைச் சூடாக்கும் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் வெயிலே கொடுத்தது. 2015-16 பனிக்காலத்தில் முழுவதையும் கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஐந்தாவது வருடம் என்ற வார்த்தை. முதல் சில வருடங்கள் உள்ளே போன சூட்டில் பெரும்பகுதி சுற்றியிருந்த மண்ணைச் சூடாக்கவே செலவானது. புதுப் பானையில் ஊற்றுகிற முதல் தண்ணீரைப் பானையே குடிக்கும் இல்லையா, அது போல. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வயதாகிப் பழுது கூடியதால் 2024 வாக்கில் அந்த அமைப்பை நிறுத்தத் தொடங்கி, வீடுகளை எரிவாயுவுக்கு மாற்றினார்கள். தோற்றுப்போன திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன், பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆனால் ஒரு தடவை பதித்துவிட்டு மறந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு போர்வெல்லில் நடக்காது. ஏன் என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. தக்கலை வாத்தியார் இந்தக் குழுவில் இருக்கிறாரா?

தக்கலை_வாத்தியார் (பிப்ரவரி 10, காலை 6.05)

இருக்கிறேன் நாஞ்சிலான். முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன், கூப்பிட்டால் வராமல் இருப்பேனா.

தம்பி, முதலில் உனக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று பார்ப்போம். மிஷினிலிருந்து வரும் ஈர ஷீட் 800 கிராம் என்றும், காய்ந்தால் 500 கிராம் என்றும் வைத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் திருத்து. ஒரு ஷீட்டில் 300 கிராம் தண்ணீர் போக வேண்டும். நாற்பது ஷீட்டுக்கு 12 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் ஆகும். (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான்.) மொத்தம் 8 யூனிட். புகைப்புரையின் இடுக்குகளில் நாலில் மூன்று பங்கு வீணாகப் போகிறது என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு வெட்டுக்கு 32 யூனிட். மழைக்காலத்தில் நாற்பது வெட்டு என்றால் 1,280 யூனிட்.

இனி பாறைக்கு வருவோம். ஒரு கன மீட்டர் பாறையை ஒரு டிகிரி சூடாக்கினால் அதில் ஏறத்தாழ 0.6 யூனிட் தங்கும். தண்ணீரில் 1.16 யூனிட். பாறையை 40 டிகிரி ஏற்றி இறக்கினால் கன மீட்டருக்கு 24 யூனிட். அப்படியானால் உனக்கு வேண்டியது 53 கன மீட்டர் பாறை, பக்கத்துக்கு நாலு மீட்டர் கூட இல்லாத ஒரு பெட்டி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது, இல்லையா?

வினை அந்த நாலு மீட்டரில்தான் இருக்கிறது. பாறைக்குள் வெப்பம் சும்மா இருக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் நாலு மீட்டர். நாள் 180 மடங்கு கூடினாலும் தூரம் 13 மடங்குதான் கூடும். தூரம், நேரத்தின் வர்க்கமூலப்படி போவதால் இப்படி. உன் பெட்டியும் நாலு மீட்டர், வெப்பம் ஓடிப்போகிற தூரமும் நாலு மீட்டர். ஜூனில் நீ கதவைத் தட்டும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பெட்டியைப் பெரிதாக்கினால் கதை மாறும். பக்கம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு எட்டு மடங்கு, வெப்பம் கசியும் பரப்பு நாலு மடங்குதான். அதனால்தான் கனடாவில் 52 வீடுகள் சேர்ந்து செய்தார்கள். தனி வீட்டுக்கு இது ஒத்துவராத பண்டம்.

பால்வெட்டு_குலசேகரம் (பிப்ரவரி 10, பகல் 12.30)

சார், ஷீட் எடை சரிதான். எங்களுடையது கொஞ்சம் கனம், 850 வரும். நன்றாகப் புரிந்தது, வருத்தமாகவும் இருக்கிறது. அப்படியென்றால் குளிர்ச்சியையாவது சேமிக்க முடியுமா? பூமிக்கு அடியில் குளிர்ச்சி என்று சொல்வார்களே. குழாய் வழியாகக் காற்றை உள்ளே விட்டு வீட்டைக் குளிர்விக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

தக்கலை_வாத்தியார் (பிப்ரவரி 10, பகல் 1.10)

உங்கள் கிணற்றில் ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, தண்ணீருக்குள் பத்து நிமிடம் விட்டுத் தூக்கிப் பார். பார்த்துவிட்டு இங்கே எழுது. அப்புறம் பேசலாம்.

பால்வெட்டு_குலசேகரம் (பிப்ரவரி 10, மாலை 5.45)

மீன் தொட்டிக் கடையில் வாங்கிய வெப்பமானி. 27.5 டிகிரி. காலையில் அந்தத் தண்ணீரில் குளித்தால் உடம்பு நடுங்குமே சார், எப்படி இது?

தக்கலை_வாத்தியார் (பிப்ரவரி 10, மாலை 6.20)

உன் உடம்பு 37 டிகிரி, அதனால் நடுங்குகிறது. பத்து மீட்டருக்குக் கீழே போனால் வெயிலும் மழையும் மண்ணுக்குத் தெரியாது. ஊரின் வருடச் சராசரி வெப்பம் எதுவோ, மண் அதை ஒட்டியே இருக்கும். நம் ஊர்ச் சராசரியே 27, 28தான். இங்கே மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரியில் மூன்று, நாலு டிகிரிதான் வித்தியாசம். ஸ்டாக்ஹோமில் இருபது வரும். அவர்களிடம் சேமிப்பதற்கு ஒரு கோடையும் ஒரு பனிக்காலமும் இருக்கின்றன. நம்மிடம் வெயில் இருக்கிறது, மழை இருக்கிறது. பூமிக்கு அது இரண்டும் ஒன்றுதான்.

உப்சாலா_நாஞ்சிலான் (பிப்ரவரி 10, இரவு 11.30)

வாத்தியார் சொன்னதற்கு ஒரு உதாரணம். ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பனியுகம் விட்டுப்போன சரளை மேடு ஒன்று இருக்கிறது. அதன் அடியில் நிலத்தடி நீர். 2009 முதல் அதுதான் விமான நிலையத்தின் குளிர்பதனப் பெட்டி. கோடையில் ஒரு பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரை எடுத்துக் கட்டடத்தைக் குளிர்விப்பார்கள், சூடான நீர் மறுபக்கம் இறங்கும். பனிக்காலத்தில் திசையைத் திருப்புவார்கள். அந்த இளஞ்சூட்டு நீர் விமானம் நிற்கும் தரையின் பனியை உருக்கும். பனிக்காலத்தில்தான் அந்த நீர் மறுபடி குளிர்ந்து நிறைகிறது. நம் ஊரில் அதை நிரப்ப எந்த மாதம் வரும்?

இன்னொன்று. நிலத்தடி நீர் ஓடாமல் நின்றால்தான் இது பலிக்கும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற நம் மாவட்டத்தில் வெட்டுக்கல்லுக்குள் (செம்புரைக்கல்லுக்குள்) தண்ணீர் நடந்துகொண்டே இருக்கும். வைத்த சூட்டையும் அது கூடவே கூட்டிக்கொண்டு போய்விடும்.

சும்மா_வந்தவன் (பிப்ரவரி 11, காலை 8.00)

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் மே மாதத்தில் போனாலும் ஜில்லென்று இருக்கிறதே. அந்தக் காலத்திலேயே நிலத்தடிக் குளிர்ச்சி தெரிந்திருக்கிறது என்கிறேன்.

தக்கலை_வாத்தியார் (பிப்ரவரி 11, காலை 8.25)

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், ஐம்பது தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பேன். அங்கே வேலை செய்வது தாழ்ந்து இறங்கிய ஓட்டுக் கூரையும் மரச் சட்டங்கள் வழியாக ஓடும் காற்றும்தான். வெயிலை உள்ளே விடாமலே தடுத்துவிட்டார்கள். வராத வெப்பத்தை எதற்குச் சேமிக்க வேண்டும்? பெருமை பேசுவதென்றால் அதைப் பேசுங்கள், இல்லாத நிலத்தடிக் குளிர்ச்சியைப் பேச வேண்டாம்.

குளச்சல்_ஐஸ் (பிப்ரவரி 11, காலை 10.50)

குளிர்ச்சியைச் சேமிக்க முடியாது என்று யார் சொன்னது? எங்கள் அப்பா முப்பது வருடம் அதைத்தான் செய்தார். உறைநிலைக்குக் கீழே குளிரவைத்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில், தண்ணீர் நிறைத்த கேன்களை இறக்கிவிட்டு, கிட்டத்தட்ட ஒரு நாள் காத்திருந்து கட்டியை எடுப்போம். கேனைச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் ஓரம் இளகி, கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. நடுவில் மட்டும் வெள்ளையாக, சுற்றிலும் கண்ணாடி போல இருக்கும்.

ஏசி வாங்கும்போது ஒன்றரை டன் என்கிறோமே, அந்த டன் எங்கள் தொழிலிலிருந்து போனது. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுவதும் உருகி எவ்வளவு குளிர்ச்சி தருமோ, அதுதான் ஒரு டன் ஏசி. (அது அமெரிக்க டன், 907 கிலோ.)

பருவம் விட்டுப் பருவம் சேமித்த கதையும் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் பனிக்காலத்தில் ஐஸ் அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றுவார்கள். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தபோது ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன் மிஞ்சியது. நாலு மாதப் பயணம், நடுவில் பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும்! சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே வட்டமாக ஒரு கிட்டங்கி கட்டினார்கள். ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அப்படி வந்தது. நம் ஊர்ப் பாறையில் உட்கார்ந்த விவேகானந்தர், 1897இல் திரும்பி வந்து தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான்.

ஆரல்வாய்_காற்றாடி (பிப்ரவரி 11, இரவு 8.15)

குளச்சல் அண்ணே, ஒரு சந்தேகம். நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாயில் நிற்கவே முடியாது, அப்படிக் காற்று. நடு இரவில் கரண்டை வாங்க ஆள் குறைவு. அந்த நேரத்தில் உங்கள் ஐஸ் மிஷினை ஓட்டினால் காற்றை ஐஸாகச் சேமித்த மாதிரி ஆகாதா?

குளச்சல்_ஐஸ் (பிப்ரவரி 11, இரவு 9.00)

ஆகும் தம்பி. ஆனால் காலண்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம், அதாவது மேற்குக் கடலில், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். காற்று உச்சத்தில் இருக்கும்போது ஐஸ் கேட்க ஆள் இல்லை. சின்னமுட்டம் கிழக்குக் கடல் கணக்கில் வரும். அங்கே தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன் பாதியில் படகுகள் இறங்கும்போது காற்று சீசனும் சரியாக ஆரம்பிக்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல், இரண்டு காலண்டர். உங்கள் யோசனை சின்னமுட்டத்துக்குப் பொருந்தும், குளச்சலுக்கு ஆகஸ்டில்தான் பொருந்தும். அதுவும் இரவில் உறைய வைத்துக் காலையில் விற்பதுதான், மாதக்கணக்கில் வைப்பது அல்ல.

சும்மா_வந்தவன் (பிப்ரவரி 12, காலை 7.40)

ஃபின்லாந்தில் மணலைச் சூடாக்கி வைக்கிறார்களாம். மணவாளக்குறிச்சி மணலை என்ன செய்யலாம்?

உப்சாலா_நாஞ்சிலான் (பிப்ரவரி 12, பகல் 1.00)

ஒன்றும் செய்ய வேண்டாம். கங்கான்பா என்ற ஊரில் 2022இல் தொடங்கினார்கள். இரும்புக் கோபுரத்துக்குள் நூறு டன் சாதாரண மணல். மிச்சக் கரண்டில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள், 8,000 யூனிட் பிடிக்கும். மணலில் விசேஷம் எதுவும் இல்லை, மலிவாக இருப்பதுதான் விசேஷம். இப்போது ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் வாண்டாவில் பாறையைக் குடைந்து 11 லட்சம் கன மீட்டரில் வெந்நீர்க் குகை கட்டுகிறார்கள். தண்ணீரை அழுத்தத்தில் 140 டிகிரி வரை வைப்பார்களாம். 9 கோடி யூனிட். பெரிதாகக் கட்டினால் கசிவு குறையும் என்று வாத்தியார் சொன்னதன் கடைசிப் படி அது.

புத்தளம்_உப்பு (பிப்ரவரி 12, இரவு 10.10)

இவ்வளவு பேசினீர்கள், உப்பளத்தை யாரும் நினைக்கவில்லை. தண்ணீரில் அடியில் கெட்டியான உப்பு, மேலே போகப் போக உப்பு குறைவு என்று அடுக்கினால், அடித்தண்ணீர் சூடானாலும் மேலே வராது. உப்பின் கனம் அதை அமுக்கிப் பிடிக்கும். மேல் தண்ணீர் போர்வையாகிவிடும். அடியில் 70, 80 டிகிரி வரை போகும், மாதக்கணக்கில் நிற்கும். சூரியக் குளம் என்பார்கள். குஜராத்தில் புஜ் பக்கத்தில் 6,000 சதுர மீட்டரில் ஒன்று கட்டி, 1993 முதல் பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தார்கள்.

மழை பெய்தால் கெட்டுவிடும் என்று நினைப்பீர்கள். மழை நல்ல தண்ணீர், மேலே விழுகிறது, மேலேயே நிற்கும். வழிவதை வடித்துவிட்டால் போதும். குளத்துக்கு எதிரி காற்று. அலை எழும்பினால் மேலடுக்கு கலங்கும். எங்கள் பக்கம் ஆடி மாதக் காற்றில் பாத்தித் தண்ணீரே நெளியும். அலையை உடைக்க மேலே வலையோ வளையமோ மிதக்கவிட வேண்டும்.

பால்வெட்டு_குலசேகரம் (பிப்ரவரி 12, இரவு 10.40)

அண்ணாச்சி, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் உப்புக் குளம் வெட்டினால் கசிந்து கிணறு போய்விடுமே. ரப்பரும் பட்டுப்போகும். அம்மா என்னையும் சேர்த்து அதில் இறக்கிவிடுவாள்.

சார், ஆறு மாதம் வேண்டாம். இரண்டு வெட்டுக்கு மட்டும் சேமித்தால்?

தக்கலை_வாத்தியார் (பிப்ரவரி 13, காலை 6.15)

இப்போதுதான் கேள்வி சரியாக வந்திருக்கிறது. இரண்டு வெட்டுக்கு 64 யூனிட். தண்ணீரை 85 டிகிரிக்கு ஏற்றி 55 வரை இறக்கினால் 1,800 லிட்டர், முழுசாக 2,000 என்று வை. பிளாஸ்டிக் டேங்க் 85 டிகிரி தாங்காது, இரும்பில் செய்து சுற்றிலும் கனமாகப் பொதிய வேண்டும். சூரிய வெப்பத் தகடு 16 சதுர மீட்டராவது வேண்டும், அதுவும் இரண்டு நாள் நல்ல வெயில் கிடைத்தால். ஜூனில் உனக்கு அந்த இரண்டு நாள் எப்போது கிடைக்கும் என்பதை என்னால் கணக்குப் போட முடியாது.

வேளிமலை_ராணி (பிப்ரவரி 13, பகல் 2.30)

நான்கு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். சார், ஒரு கிலோ காய்ந்த விறகில் எத்தனை யூனிட்?

தக்கலை_வாத்தியார் (பிப்ரவரி 13, பகல் 2.50)

நன்றாகக் காய்ந்தது என்றால் நாலு. பச்சை விறகில் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையும் ஆவியாக்க வேண்டும் என்பதால் இரண்டு கிடைத்தால் அதிகம்.

வேளிமலை_ராணி (பிப்ரவரி 13, பகல் 3.20)

அப்படியானால் ஒரு வெட்டுக்கு எட்டுக் கிலோ. நாற்பது வெட்டுக்கு 320 கிலோ. தம்பி, மார்ச் வெயிலைச் சேமிக்கிற பெட்டி உங்கள் தோட்டத்திலேயே கிடக்கிறது. அதை மழையில் நனைய விடுகிறீர்கள், அவ்வளவுதான்.

நான் ஒற்றை ஆளாகத் தோட்டம் பார்க்கிறவள். விழுந்த ரப்பர்க் கொம்புகளை மாசியிலேயே முழ நீளத்துக்குத் துண்டு போட்டு, பெரியதைப் பிளந்து, அடியில் கல் வைத்து, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு அடுக்குவேன். மேலே கூரை, பக்கத்தில் மறைப்பு கிடையாது, காற்று போக வேண்டும். ரப்பர் விறகில் பூச்சி சீக்கிரம் விழும், அதனால் வருடத்துக்கு மேல் வைக்க மாட்டேன். இரண்டு துண்டைத் தட்டினால் டொக் என்று கேட்கக் கூடாது, கணீர் என்று கேட்க வேண்டும். அதுதான் காய்ந்த விறகு.

அம்மாவின் இருமல் ஈர விறகுப் புகையால்தான். அடுப்பைப் புரைக்கு வெளியே வைத்து, சூட்டையும் புகையையும் தரைக்கு அடியில் சால் (மூடிய வாய்க்கால்) வழியாக உள்ளே விடுங்கள். புகை கொஞ்சம் வேண்டும், பூஞ்சையைத் தடுப்பதே அதுதான். ஆனால் அம்மா அதற்குள் நின்று ஊத வேண்டாம்.

உப்சாலா_நாஞ்சிலான் (பிப்ரவரி 13, இரவு 11.55)

அக்கா, கொள்ளாம்! பதினோரு வருடம் குழாய் பதித்த எனக்குத் தோன்றவில்லை. விறகில் வெப்பம் வெப்பமாக இல்லை, அதனால் கசிவதும் இல்லை. நாங்கள் நூற்று நாற்பது துளை போட்டும் தடுக்க முடியாதது அந்தக் கசிவுதான்.

ஆரல்வாய்_காற்றாடி (பிப்ரவரி 14, காலை 7.10)

ஆனால் எல்லாரும் விறகெரித்தால் மரம் என்னாகும் என்றும் பார்க்க வேண்டும்.

வேளிமலை_ராணி (பிப்ரவரி 14, காலை 9.00)

மூன்று ஏக்கரில் காற்றுக்கு ஒடிந்து விழுகிற கொம்பே 320 கிலோவுக்கு மேல் வரும். வெட்டச் சொல்லவில்லை தம்பி, பொறுக்கச் சொன்னேன்.

பால்வெட்டு_குலசேகரம் (ஏப்ரல் 19, இரவு 8.30)

பழைய இழையைக் கிளறுகிறேன், மன்னிக்கவும். ராணி அக்கா சொன்னபடி பிப்ரவரி கடைசியில் அடுக்கினேன். ஒரு துண்டில் சுண்ணாம்பால் குறி போட்டு, மளிகைத் தராசில் நிறுத்தேன். அன்றைக்கு 3 கிலோ 200. இன்றைக்கு 2 கிலோ 50. அடுக்காமல் தோட்டத்திலேயே விட்ட துண்டு 2 கிலோ 900இல் நிற்கிறது, நடுவில் இரண்டு கோடை மழை பெய்துவிட்டது. தட்டிப் பார்த்தேன், கணீர் இன்னும் வரவில்லை, ஆனால் டொக்கும் இல்லை.

வெளி அடுப்புக்குச் சால் வெட்டிவிட்டோம். ஏழு அடி நீளம், வெட்டுக்கல் கட்டு, மேலே பலகைக்கல். அம்மா நேற்று அதில் வெறும் சருகைப் போட்டுப் பார்த்தாள். புகை பாதி உள்ளே போனது, பாதி அடுப்பு வாய் வழியாகவே திரும்பி வந்தது. சரிவு போதவில்லையோ? அப்புறம், விறகுக் கூரைக்கு மேற்குப் பக்கம் சாரல் அடிக்கும். ஓலை வைக்கவா, தகரமா?

வேளிமலை_ராணி (ஏப்ரல் 19, இரவு 9.05)

அடுப்பைவிடப் புரையின் தரை ஒரு முழமாவது உயரத்தில் இருக்க வேண்டும். புரையின் மேல் பொந்து திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள், மேலே போக வழி இல்லாவிட்டால் சால் புகையை உள்ளே இழுக்காது. மேற்குக்குத் தகரம், ஆனால் அடுக்கிலிருந்து இரண்டடி தள்ளி. ஓலை வைத்தால் கரையான் வரும்.